முதலில் சொல்லைச் சொல்லுங்கள், அப்புறம் பாட்டைப் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பாவின் பழைய வாய்ப்பாட்டையும் தேவாலய இசையையும் வானொலி நேயர்களிடம் கொண்டுபோவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். பெரும்பாலும் 1600-க்கு முன்னால் உருவான இசை அது. நிகழ்ச்சி செய்பவர்கள், செய்ய ஆசைப்படுபவர்கள், கேட்டுவிட்டு எரிச்சலானவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். எரிச்சலானவர்களுக்கே முதலிடம்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, லத்தீனும் தெரியாது. நான் எதற்கு இதைக் கேட்க வேண்டும்?

கேட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வானொலியில் உள்ள சௌகரியமே அதுதான், பிடிக்கவில்லை என்றால் அடுத்த அலைவரிசைக்குப் போய்விடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் எதையோ தேடிக்கொண்டு போகும்போது தற்செயலாக இந்தக் குரல்களில் மாட்டிக்கொண்டு, என்ன இது என்று நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்களே, என் கவனமெல்லாம் அவர்கள்மேல்தான். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் உங்களைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நம்பிக்கை வேண்டாம், சரி. ஆனால் பாடியவர்களுக்கு நம்பிக்கை இருந்தது என்பதை மறைக்கவும் வேண்டாம். என்ன சொல்லிப் பாடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், பாட்டு திறந்துகொள்ளும். ஒரு உதாரணம். பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயம் இன்னும் கட்டி முடியாத காலத்தில், 1198 வாக்கில், பெரோத்தின் என்பவர் நான்கு குரல்களுக்கு ஒரு பாட்டை அமைத்தார். கிறிஸ்துமஸ் நாளுக்கானது. ‘விதெருந்த் ஓம்னெஸ்’ என்று தொடங்கும் பைபிள் திருப்பாடல் வரி, அதாவது ‘எல்லாரும் கண்டார்கள்’. முதல் சொல் ‘கண்டார்கள்’. கீழ்க்குரல் அந்தச் சொல்லின் முதல் அசையான ‘வி’யை மட்டும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது, மேலே மூன்று குரல்களும் துள்ளிக்கொண்டு, ஒன்றின் வரியை இன்னொன்று பிடுங்கிக்கொண்டு, அதே ‘வி’யின் மேல் ஓடுகின்றன. ‘கண்டார்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் நிமிடங்கள் கழிந்துவிடும். இது தெரியாமல் கேட்டால் நான்கு பேர் ‘ஈ’ என்று இழுப்பதாகத்தான் தோன்றும். தெரிந்து கேட்டால் கீழ்க்குரல் அடுத்த அசைக்கு நகரும் அந்த நொடிக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பீர்கள். நகரும்போது மொத்த ஒலியும் வேறு வெளிச்சத்துக்கு மாறுகிறது. அதைக் கேட்க ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் சிறிய வானொலி ஒன்றில் வாரம் ஒரு மணி நேரம் இந்த இசையை வழங்குகிறேன். பாட்டுக்கு முன்னால் எவ்வளவு பேசலாம்? நீளமாகப் பேசுகிறேன் என்று நேயர்கள் திட்டுகிறார்கள், பேசாவிட்டால் புரியவில்லை என்கிறார்கள்.

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். நீங்கள் பேசுவதன் நீளத்தைவிட, எதைப் பேசுகிறீர்கள் என்பதில்தான் கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன். இசையமைப்பாளர் எந்த ஊரில் பிறந்தார், எந்தப் பிரபுவிடம் வேலை பார்த்தார், எப்போது எந்தப் பதவிக்குப் போனார் என்பதையெல்லாம் குறுந்தகட்டின் கையேட்டிலிருந்து வாசிப்பதுதான் இந்த வகை நிகழ்ச்சிகளின் பரம்பரை வியாதி. ஜோஸ்கான் 1521-இல் இறந்தார் என்று தெரிந்துகொண்ட நேயர் அடுத்த ஐந்து நிமிடத்தை அதை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவார்?

ஒரு நிமிடம் போதும். அதில் முதலில் சொல்லைச் சொல்லுங்கள்: பாட்டின் முதல் இரண்டு வரிக்குப் பொருள், நல்ல தமிழில், அவசரமில்லாமல். அடுத்து, இது எந்த வேளையில் எப்படிப்பட்ட இடத்தில் பாடப்பட்டது என்பது. விடியலுக்கு முன்னா, தூங்கப் போகும் முன்னா, பெரிய வெள்ளியா, ஊர்வலத்திலா? பெரிய தேவாலயத்திலா, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீட்டிலா? அப்புறம் முதல் நிமிடத்தில் காது எதைப் பிடிக்கலாம் என்று ஒரே ஒரு குறிப்பு. அவ்வளவுதான், விலகிவிடுங்கள். இந்த இசை அரங்கத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு சொல், ஒரு வேளை, ஒரு கட்டடம் மூன்றுக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. ஒலிப்பதிவில் மூன்றும் கழன்று விழுந்துவிடுகின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

வீட்டுக்குள் பாடியது என்றேனே, வில்லியம் பேர்டு அமைத்த மூன்று திருப்பலி இசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை இருந்த 1590-களில், தலைப்புப் பக்கம்கூட இல்லாமல் அச்சிடப்பட்டவை. பணக்காரக் கத்தோலிக்கரின் வீட்டில், ஒரு குரலுக்கு ஓரிருவர் என்று, வெளியே தெரியாமல் பாடியிருப்பார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நான்கு குரல் திருப்பலியின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். ‘எங்களுக்கு அமைதி தாரும்’ என்ற அதன் கடைசி வரியில் குரல்கள் ஒன்றோடொன்று உரசி உரசி இறங்கும். யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பேர்டின் முழு வாழ்க்கை வரலாறும் அந்த ஒரு நிமிட முன்னுரைக்கு ஈடாகாது என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்று. பாட்டு முடிந்ததும் மூச்சு விடுவதற்குள் ‘நீங்கள் கேட்டது’ என்று ஆரம்பிக்காதீர்கள். கல் கட்டடத்தில் கடைசிச் சுரம் நின்ற பிறகும் அதன் கார்வை ஐந்தாறு வினாடி சுற்றிக்கொண்டிருக்கும். பாடியவர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் பாடினார்கள். அதுவும் பாட்டில் சேர்த்திதான்.

கேள்வி: அந்தக் கார்வையைத்தான் கேட்கிறேன். எங்கள் நிலையத்தில் இதே இசை காற்றில் போகும்போது, பாட்டு நின்றதும் ‘உஷ்’ என்ற இரைச்சலும் எதிரொலியும் திடீரென்று பெரிதாகின்றன. ஒருமுறை அமைதி நீண்டுபோய் எச்சரிக்கை மணியே அடித்துவிட்டது. பொறியாளர் என்மேல் கோபமாக இருக்கிறார்.

பொறியாளரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேச வேண்டிய விஷயம் இது, சண்டை போட வேண்டியதல்ல. ஒலிபரப்புக்குப் போகும் வழியில் ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். சத்தம் கூடினால் அமுக்கும், குறைந்தால் தூக்கும். காரில் போகிறவருக்கும் பேச்சும் பாட்டும் ஒரே அளவில் கேட்கட்டும் என்று வைத்தது. சினிமாப் பாட்டுக்கு அது தொந்தரவே இல்லை, அது ஏற்கெனவே அமுக்கப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் துணைக்கருவி இல்லாமல் பன்னிரண்டு பேர் மெல்லத் தொடங்கிப் பெரிதாகி அடங்கும்போது, அந்தக் கருவி ஒவ்வொரு அடங்கலையும் கோளாறு என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. பாட்டு நின்ற பிறகு தூக்குவதற்கு மிஞ்சியிருப்பது எதிரொலியும் மைக்கின் இரைச்சலும்தான். நீங்கள் கேட்டது அதைத்தான்.

உங்கள் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மென்மையான அமைப்பு ஒன்றைத் தனியாகச் சேமித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள், பல கருவிகளில் முடியும், நேரம் வைத்துத் தானாகவே மாறும்படியும் செய்யலாம். அது நடக்காது என்றால், மிக மெல்லிய இடங்களை நீங்களே தொகுக்கும்போது கையால் சில டெசிபல் உயர்த்திக் கொடுத்துவிடுங்கள். மனிதர் செய்தால் வாக்கியத்தின் மூச்சுப் பார்த்துச் செய்வார், கருவிக்கு அது தெரியாது. அமைதியைக் கண்டு மணியடிக்கும் கருவிக்கும் எத்தனை வினாடி பொறுப்பது என்று ஒரு அளவு இருக்கும், அதைக் கூட்டச் சொல்லுங்கள். இணையத்தில் ஒலிபரப்பினால் பிட் அளவில் (வினாடிக்கு எவ்வளவு தரவு அனுப்புவது என்பதில்) கஞ்சத்தனம் வேண்டாம், குறைந்த அளவில் முதலில் கெடுவது எதிரொலியும் பாடகர்களின் ‘ஸ்’ ஒலியும்தான், கூட்டாகப் பாடுவது தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

ஆங்கில இசையமைப்பாளர் தாலிஸின் ‘ஸ்பெம் இன் ஆலியம்’ என்ற பாட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நாற்பது தனித்தனிக் குரல்கள், ஐந்து பேர் வீதம் எட்டுக் குழு, 1570 வாக்கில் அமைத்தது. குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, சில நிமிடங்களில் நாற்பதும் சேர்ந்துவிடும். நேரில் கேட்டால் சுற்றிலும் சுவர் எழும்புவது தெரியும். ஒரே ஒலிபெருக்கி உள்ள ரேடியோவில் அது கஞ்சி. ஒலிபரப்புவதற்கு முன், முடிந்தவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இந்த இசையை வானொலிக்கு முதலில் கொண்டுவந்தது யார்?

ஒருவர் என்று கை நீட்ட முடியாது. பிபிசி 1926 அக்டோபர் 7 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலிருந்து மாலை வழிபாட்டுப் பாடலை ஒலிபரப்பியது. அந்த நிகழ்ச்சி இன்றும் வருகிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் முந்தின நாள் வழிபாடு 1928-இல் வானொலிக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கண்ணாடி ஓவியங்களைக் கழற்றிவிட்ட, கணப்பு இல்லாத அந்த ஆலயத்திலிருந்து, பாதுகாப்புக்காகக் கல்லூரியின் பெயரைச் சொல்லாமலேயே ஒலிபரப்பினார்கள். நேயர்களுக்குக் குரலைக் கேட்டதும் தெரிந்திருக்காதா என்ன!

எனக்குப் பிடித்த தேதி 1946 செப்டம்பர் 29. பிபிசியின் ‘தேர்ட் புரோகிராம்’ என்ற கலை, இசை அலைவரிசை தொடங்கிய நாள். முதல் இரவிலேயே 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் இசையில் ஆல்ஃபிரட் டெல்லரைப் பாட வைத்தார்கள். பெண் குரலின் உயரத்தில் பாடும் ஆண். அப்படி ஒருவர் தனியாகப் பாடுவதைக் கேட்டுப் பழக்கமில்லாத காலம், வீடு வீடாக அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. அதன்பின் வந்த தலைமுறையில் அந்தச் சாரீரத்துக்கு மரியாதை வந்ததில் வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொருவர் டேவிட் மன்ரோ. 1971 முதல் 1976 வரை ‘பைட் பைப்பர்’ என்ற நிகழ்ச்சியைப் பிபிசியில் நடத்தினார், 655 பகுதிகள். சிறுவர்களுக்கு என்று தொடங்கியது, பெரியவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பழைய இசையைப் புதிய இசைக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் வைப்பார். நிகழ்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவரைத்தான், எந்தப் பேராசிரியரையும் இல்லை.

கேள்வி: கிரிகோரியன் பாடலை (துறவிகள் லத்தீனில் எல்லாரும் ஒரே மெட்டாகப் பாடுவது) தூக்கம் வருவதற்கும் தியானத்துக்கும் என்று போட்டால் நிறையப் பேர் கேட்கிறார்களே, அதில் என்ன தப்பு?

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிடிக்காது. ஸ்பெயினின் சீலோஸ் மடத்துத் துறவிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே பாடிப் பதிந்திருந்ததை 1994-இல் ‘சாண்ட்’ என்று மறுபடி வெளியிட்டபோது அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்வரை போனது, லட்சக்கணக்கில் விற்றது. மன அழுத்தத்துக்கு மருந்து என்றுதான் விளம்பரம். வாங்கியவர்களில் சிலர் அதைத் தாண்டியும் வந்தார்கள் என்பதால் கோபப்பட முடியவில்லை.

ஆனாலும், துறவிகள் பாடும் அந்தத் திருப்பாடல்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதிரியின்மேல் சாபம் இருக்கிறது, ஆழத்திலிருந்து கூப்பிடும் கதறல் இருக்கிறது, ஆண்டவரே ஏன் தூங்குகிறீர் என்று கேட்கிற வரியே இருக்கிறது. அதைப் போட்டுத் தூங்க வைப்பது வேடிக்கைதான். 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பெண்கள் மடத்துக்குத் தலைவியாக இருந்து பாட்டுகளும் அமைத்த ஹில்டெகார்டின் கதையைச் சொல்லிப் பாருங்கள். 1178-இல், சபையிலிருந்து விலக்கப்பட்டவர் என்று மேலிடம் கருதிய ஒருவரைத் தன் மடத்து நிலத்தில் புதைக்க விட்டதற்காக, அவரது மடத்தில் பாடக் கூடாது என்று தடை போட்டார்கள். புதைக்கப்பட்டவர் சபையோடு சமரசமாகித்தான் இறந்தார் என்று எண்பது வயதுக் கிழவி பிடிவாதமாக நின்று, பாட்டை நிறுத்துவது எவ்வளவு பெரிய குற்றம் என்று மைன்ஸ் நகரத்து மேலதிகாரிகளுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் தடை நீங்கியது, சில மாதங்களில் ஹில்டெகார்ட் இறந்தார். இதைக் கேட்ட பிறகு அவருடைய பாட்டு மேலே தாவும்போது யாருக்கும் தூக்கம் வராது.

கேள்வி: ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் பாடினார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சொல்லவில்லை. அறிவிப்பாளர் யாராவது ‘அன்று ஒலித்தபடியே’ என்று சொன்னால் நம்பாதீர்கள். 9-ஆம் நூற்றாண்டின் குறியீடுகள், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் காட்டுகின்றன, எவ்வளவு என்று காட்டுவதில்லை. பாட்டு மனப்பாடமாக இருந்தவருக்கு அது ஞாபகக்குறிப்பு. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்த் துறவி குய்தோ கோடுகள் போட்டு எழுதும் முறையைச் சீராக்கிய பிறகுதான் கேட்டறியாத பாட்டையும் ஏட்டைப் பார்த்துப் பாட முடிந்தது. அப்போதும் தாளம்? கிரிகோரியன் பாட்டில் அது இன்றும் சண்டைதான். பிரான்சின் சொலேம் மடத்துத் துறவிகள் 19-ஆம் நூற்றாண்டில் பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்து, சொல்லின் நடையில் மிதக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். விருத்தம் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும். மார்செல் பெரெஸ் என்பவர் வேறு பக்கம் போனார், கிரேக்க மரபுப் பாடகர் லிகூர்கோஸ் ஆங்கெலோபூலோஸைக் கூட்டிவந்து, பழைய ரோமானியப் பாடலை ஆதார சுருதி பிடித்து, கமகம் போட்டுப் பாட வைத்தார். இரண்டில் எது சரி? ஒரே நிகழ்ச்சியில் இரண்டையும் அடுத்தடுத்து ஒலிபரப்பிவிட்டுக் கேட்பவர்களையே சண்டை போட விடுங்கள். கடிதம் நிறைய வரும்.

கேள்வி: அலெக்ரி இசையமைத்த ‘மிசெரேரே’ (‘இரங்கும்’ என்னும் திருப்பாடல்) பாட்டில் அந்த உயரத்துச் சுரம் வரும்போது புல்லரிக்கிறது. அது 17-ஆம் நூற்றாண்டுக் கற்பனைதானே?

பாட்டு அந்த நூற்றாண்டு, அந்தச் சுரம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு இசை அகராதியில் இரண்டு வடிவங்கள் தவறாக ஒட்டிக்கொண்டதில் வந்தது. புல்லரிப்பதை நிறுத்த வேண்டாம், எனக்கும் நிற்கவில்லை.

கேள்வி: இசையமைப்பாளர்கள் செத்து நானூறு வருடம் ஆகிவிட்டது. உரிமைப் பணம் எதற்குக் கட்ட வேண்டும்?

பாட்டுக்கு இல்லை, பதிவுக்கு உண்டு. நேற்றுப் பாடிப் பதிந்தவர்களுக்கு உரிமை இருக்கிறது, வெளியிட்ட நிறுவனத்துக்கு இருக்கிறது. ஏட்டிலிருந்து படித்துத் திருத்தி, விட்டுப்போன குரலை நிரப்பிப் பதிப்பித்த அறிஞருக்கும் இருக்கலாம். 1726-இல் இறந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் லாலாந்தின் இசையைப் பதிப்பித்த லயனல் சாக்கின்ஸ், இசைப்பதிவுகளை வெளியிடும் ஹைபீரியன் நிறுவனத்தின்மேல் இங்கிலாந்தில் வழக்குப் போட்டு வென்றார். 2005-இல் மேல்முறையீட்டிலும் அவர் பக்கமே தீர்ப்பு. செலவில் அந்தச் சிறிய நிறுவனம் ஆட்டம் கண்டுவிட்டது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, அதனால் உங்கள் நிலையம் எந்த அமைப்போடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அது இணைய ஒலிபரப்புக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: லத்தீன் தவிர வேறு எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது, நிகழ்ச்சி செய்பவர்களின் சோம்பல்தான் தடை. கிரேக்கக் கிறிஸ்தவர்களின் பைசாந்திய மரபு இருக்கிறது, ஜார்ஜியாவின் மூன்று குரல் தேவாலயப் பாட்டு இருக்கிறது. சலமோனே ரோஸி என்ற யூதர் ஹீப்ரு திருப்பாடல்களுக்குப் பல குரல் இசையமைத்து 1620-களில் வெனிஸில் அச்சிட்டார். இசை இடமிருந்து வலம் ஓடும், ஹீப்ரு வலமிருந்து இடம், அச்சுக்கோத்தவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். தாளம் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பெயினின் மொன்செராத் மடத்துச் சிவப்பு ஏடு. யாத்திரை வந்தவர்கள் இரவு ஆலயத்தில் பாடி ஆட ஆசைப்படுகிறார்கள், அதனால் அவர்களுக்கு ஒழுக்கமான பாட்டாகக் கொடுக்கிறோம் என்று 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவிகளே எழுதி வைத்த பாட்டுகள். புது நேயருக்கு முதலில் இதைத்தான் போடுவேன்.

கேள்வி: எந்த நேரம் கேட்டு வாங்கலாம்? ஞாயிறு காலை ஆறு மணி தருகிறேன் என்கிறார்கள்.

இந்த இசையின் ராசி அது, உலகம் முழுக்க அதே நேரத்தைத்தான் தருவார்கள். இரவைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் புனித மாற்கு பேராலயத்தில், ஞாயிறு இரவு ஒன்பதரைக்குப் பாடும் உறங்குமுன் வழிபாட்டை 1962 முதல் வானொலியில் நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். சுமார் அரை மணி நேரம், பிரசங்கம் கிடையாது. ஆலயத்துக்கு வரும் இளைஞர்கள் தரையில் படுத்துக்கொண்டு கேட்கிறார்கள். வேளைக்கென்று செய்த பாட்டை அந்த வேளையிலேயே போட்டால் விளக்கமே பாதி மிச்சம். இரவு கிடைக்காவிட்டால் காலை ஆறையே வாங்கிக்கொள்ளுங்கள், விடியலுக்கான பாட்டும் வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் பாட்டின் நடுவில் விளம்பரம் வராது என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.